உடைசல் இல்லாத கிடங்கு

கிடங்கு முதலாளி குமரேசன் மூன்றாவது முறையாக அதே பழைய திரையைக் காட்டியபோது, மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று மிதுனாவுக்குத் தோன்றியது.

"இதே மாதிரி இருந்தாப் போதும் அம்மிணி. முட்டைன்னு இருக்கற எடத்துல ஆள்னு மாத்திக் குடுங்க. ரெண்டு மணி நேர வேலை. நீங்க என்னடான்னா ஒரு வாரமாக் கேள்வி கேட்டுட்டே இருக்கீங்க."

"அண்ணா, முட்டைக்குப் பேர் கிடையாது. ஆளுக்கு உண்டு."

"பேர் எதுக்குங்க? தட்டு நம்பர்தான் இருக்கே."

க.பரமத்தி சாலையில் இருந்த அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் முட்டைக்கான குளிர்பதனக் கிடங்கு. கோடை வெயில் ஏறிக்கொண்டே போய், பண்ணைகளில் கோழிகள் கூண்டோடு சாக ஆரம்பித்த பிறகு முட்டை வரத்து நின்றது. குளிரூட்டும் இயந்திரங்கள் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில்தான் கோடைத் துயில் வந்தது. ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, உடம்பைக் குளிர வைத்தால், இதயம் மெல்லத் துடிக்கும். பசி கிடையாது, தாகம் கிடையாது. மாசிக் கடைசியில் படுத்தவர் ஆடி மழைக்கு எழுந்து வீட்டுக்குப் போகலாம். பணக்காரர்களுக்கு அதை ஆஸ்பத்திரிகள் செய்தன. மற்றவர்களுக்கு இது மாதிரி கிடங்குகள்; முட்டை அடுக்கிய நீளத் தட்டுகளில் ஆட்கள் படுத்தார்கள். ஊரில் இதைத் தூக்கக் குடோன் என்றார்கள்.

"ஆஸ்பத்திரின்னே பதிஞ்சிருக்கலாமேண்ணா?" என்று மிதுனா முதல் நாளே கேட்டிருந்தாள்.

"பதிஞ்சா டாக்டர் வேணும், நர்ஸ் வேணும். அந்தச் செலவெல்லாம் யார் தலையில விடியும்? பட்டறையில வெல்டிங் அடிக்கறவன் தலையில. கிடங்குன்னு பதிஞ்சதாலதான் அவனும் படுக்க முடியுது. வெளிய கெடந்தா வெயில்ல சாவான். நான் நல்லதுதான் பண்றேன் அம்மிணி."

அதில் பொய்யில்லை. பகல் நேரத்தில் வெளி வேலை செய்யக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. தகரக் கூரைப் பட்டறைகள் நாலு மாதம் மூடிக் கிடந்தன. வீட்டில் ஒருவர் தூங்கப் போனால் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது.

ஆனால் போன கோடையில் ஒரு தவறு நடந்தது. இரண்டு சக்திவேல்கள். தட்டு எண் குழம்பி, எழுப்பக் கூடாதவரைச் சித்திரை நடுவில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். பாதி மயக்கத்தோடு தார்ச்சாலையில் நடந்த மனிதர் விழுந்து, இன்று வரைக்கும் படுத்த படுக்கை. அதன் பிறகுதான், எல்லாக் கிடங்குகளும் ஒழுங்கான இருப்புத் தரவுத்தளம் வைத்திருக்க வேண்டும், அது அரசின் கிடங்குத் துறைக் கணினியோடு இணைந்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கரூரில் துணிக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் சரக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த மிதுனாவைக் குமரேசன் தேடி வந்தது அப்படித்தான்.

"பேர் வேணும், போட்டோ வேணும், கைரேகை வேணும், வீட்டாள் ஒருத்தர் கைரேகையும் வேணும். தட்டு மாறலாம். ஆள் மாறக் கூடாது. சக்திவேல் விஷயம் மறந்துடுச்சா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் குமரேசன் தணிந்தார். "சரிங்க, போடுங்க. மத்த கட்டமெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

மிதுனா பழைய திரையை மறுபடி பார்த்தாள். வரவு, செலவு, இருப்பு. இருப்புக்கு முன்னால் இன்னொரு கட்டம். உடைசல்.

"இதை எடுத்துடறேன்."

"அதை எடுக்காதீங்க. அது வேணும்."

"முட்டை உடையும். ஆள் எங்க உடையறாங்க?"

குமரேசன் மேசை மேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு, "எல்லாரும் எந்திரிக்கறதில்ல அம்மிணி" என்றார்.

மிதுனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனை பேர்?"

"நூத்துக்கு ஒண்ணு. சில வருஷம் ரெண்டு. துறையே ரெண்டு வரைக்கும் அனுமதிக்குது. படுக்கறப்பவே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கறோம். நடந்துட்டா வீட்டுக்குச் சொல்லி, ஒடம்பைக் குடுத்து, அந்தக் கட்டத்துல ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? டாக்டர் வந்து பாக்கறதில்ல? போலீசு?"

"கிடங்குக்கு எதுக்குங்க போலீசு?"

மிதுனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னால முடியாதுண்ணா. செத்துப் போன மனுசனை உடைசல்னு எழுத நான் கட்டம் போட்டுத் தர மாட்டேன்."

"பேரை மாத்திக்கங்க. கழிவுன்னு போடுங்க."

"பேர் இல்ல விஷயம். கட்டம்னு ஒண்ணு இருந்தா அதை நிரப்பத் தோணும். நூத்துக்கு ரெண்டு போகலாம்னு தெரிஞ்சா ரெண்டு போகும். உள்ள வந்த ஒவ்வொருத்தரும் நடந்துதான் வெளிய போகணும். அதுக்கு மட்டும்தான் வழி வைப்பேன்."

"அப்ப ஒருத்தர் எந்திரிக்கலைன்னா நான் எங்க போடறது?"

"எந்திரிக்கற மாதிரி பாத்துக்கங்க."

குமரேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். கோடைக்கு அதிக நாள் இல்லை. வேறு ஆள் தேடவும் நேரமில்லை. அதனால் அவள் சொன்னபடியே ஆயிற்று. ஒருவரின் பதிவை முடிக்க, அவர் விழித்தெழுந்து, திறந்த கண்ணை ஒரு கருவியில் காட்ட வேண்டும். கூட்டிப்போக வந்தவர் கைரேகை வைக்க வேண்டும். பதிவு முடியாத ஆள் வாசல் கேட்டைத் தாண்டினால் சங்கு அலறும். பதிவை யாராலும் அழிக்க முடியாது. குமரேசனாலும் முடியாது, மிதுனாவாலும் முடியாது. அந்த வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மாசிக் கடைசியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு நாள் மிதுனாவே பதிவு மேசையில் உட்கார்ந்தாள். கைரேகைக் கருவி பாதிப் பேரை ஏற்கவில்லை; பட்டறைக்காரர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் நாலு விரல் மாற்றி வைத்து, திட்டிக்கொண்டே செய்தாள்.

கோகுல் என்று ஒருவன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மனைவி தீபிகாவும், அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். போட்டோ எடுக்கும்போது மூன்று முறையும் கண்ணை மூடினான்.

"இப்பவே தூங்காதீங்க" என்றாள் மிதுனா.

"வெல்டிங் பழக்கம் மேடம். வெளிச்சம் வந்தா கண்ணு தானா மூடிக்குது."

"அவருக்கு விளையாட்டு" என்றாள் தீபிகா. "மேடம், எங்க ஏரியாவுல கரண்டு நிறையப் போகுது. இங்க போகாதுல்ல?"

"ஜெனரேட்டர் இருக்கு. பயப்படாதீங்க. இவர் பேர் இதுல ஏறிடுச்சு. இனிமே யாரும் இவரைத் தொலைக்க முடியாது."

தீபிகாவுக்கு அது பிடித்திருந்தது. பிள்ளையிடம், "பாத்தியா, அப்பா பேர் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று காட்டினாள்.

கோடை ஏறியது. குமரேசன் அடிக்கடி கூப்பிட்டார். ஸ்கேனர் ஓடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஊழியன் பெயரைத் தப்பாக அடித்துவிட்டான். மிதுனாவின் மகிழ்ச்சியெல்லாம் இந்த அழைப்புகளிலேயே கரைந்தது. இரண்டு தடவை அவர், "அம்மிணி, அந்தக் கட்டத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தார்.

"மறுபடி உடைசலா? அதைப் பத்திப் பேசாதீங்கண்ணா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சித்திரையில் துறை அதிகாரி ஒருவர் கிடங்குக்கு வந்து, மென்பொருளைப் பார்த்து மிகவும் பாராட்டினார். எளிமையாக இருக்கிறது, யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாது என்றார். மற்ற கிடங்குகளும் இதையே வைத்துக்கொள்ளட்டும் என்று பிரதி கேட்டார். மிதுனா கொடுத்தாள். அந்த மாதமே அது பல ஊர்களுக்குப் போய்விட்டது.

ஆடியில் மழை வந்தது. தூங்கியவர்கள் எழுந்து, கண்ணைக் காட்டி, தள்ளாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு மிதுனா பருவக் கணக்கை முடிக்கக் கிடங்குக்கு வந்தாள். வாசலில் தீபிகா நின்றிருந்தாள்.

"மேடம், என்னை ஞாபகம் இருக்கா? அவர் இன்னும் எந்திரிக்கலை. ஒடம்பு பலவீனமா இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும்னு ஓனர் சொல்றார். எனக்கென்னமோ மனசே சரியில்லை. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

மிதுனா அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். கோகுல். பச்சை எழுத்தில்: உறக்கம்.

"இருக்காரும்மா. தூங்கிட்டுதான் இருக்கார்."

தீபிகா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "நீங்க சொன்னாப் போதும் மேடம்" என்று சொல்லி, வெளியே வேப்ப மரத்தடியில் பிள்ளையோடு போய் உட்கார்ந்தாள்.

அலுவலக அறையில் மிதுனா கணக்கை எடுத்தாள். பருவ முடிவில் இருப்பு பூஜ்யம் வர வேண்டும். நாலு என்று வந்தது. மறுபடி ஓட்டினாள். நாலு. வரவு சரி, செலவு சரி. எங்கோ தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் திறந்து பார்த்தாள். மதியச் சாப்பாட்டைக்கூட எடுக்கவில்லை. எரிச்சலில் மேசையைக் குத்தினாள். கடைசியில் பிழையே இல்லை என்று தெரிந்தபோதுதான், வேறொரு பயம் வந்தது.

"அண்ணா, உள்ள யார் இருக்காங்க?"

குமரேசன் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்து, சாவியை எடுத்தார். உள்ளே, நீளமான குளிர் அறையின் கோடியில், நாலு தட்டுகளில் மட்டும் விளக்கு எரிந்தது. மற்ற தட்டுகளைவிட அங்கே குளிர் அதிகம். மிதுனா முதல் முகத்தைப் பார்த்தாள். கோகுல். உதடு கறுத்திருந்தது. பார்த்த உடனே தெரிந்தது.

அடுத்த மூன்று முகங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எப்போ?"

"சித்திரையில. ஒரே நாள்ல ரெண்டு பேர். கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கலை. மத்த ரெண்டு பேரும் சும்மா தூக்கத்துலயே போனாங்க."

"வீட்டுக்கு ஏன் சொல்லலை? தூங்கறார்னு பொய் சொல்லியிருக்கீங்க!"

"கத்தாதீங்க அம்மிணி. அன்னைக்கே சொல்லத்தான் கிளம்பினேன். சொன்னா ஒடம்பைக் கேப்பாங்கல்ல? ஒடம்பை வெளிய எடுக்க உங்க மெஷின் தொறந்த கண்ணைக் கேக்குது. நான் எங்க போவேன் தொறந்த கண்ணுக்கு? துறைக்குப் போன் பண்ணினேன். சாஃப்ட்வேர்ல அப்படி ஒரு வகையே இல்லையே, இல்லாததை நாங்க எப்படிப் பதியறதுன்னாங்க. பதியாம வெளிய எடுத்தா வாசல் கேட் கத்தும். நேரா ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். ஆள் கடத்தல்னு கேசு."

"என்கிட்ட..."

"உங்களை ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அந்த இரண்டு அழைப்புகளும் மிதுனாவுக்கு நினைவு வந்தன.

குமரேசன் தணிந்த குரலில் சொன்னார். "அப்புறம் எனக்கும் அது சௌகரியமாப் போயிடுச்சு. அதையும் மறைக்கக் கூடாது. தூங்கறார்னு சொன்னா யாரும் அழறதில்ல. யாரும் சண்டைக்கு வர்றதில்ல. பழைய மாதிரி கட்டம் இருந்திருந்தா, திட்டு வாங்கிட்டாவது ஒடம்பைக் குடுத்திருப்பேன்."

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். இறப்பு என்று ஒரு கட்டம், தேதி, காரணம், மருத்துவர் பெயர். அதைச் செய்ய அவளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் சேமிக்கப் போனால் திரை மறுத்தது. துறையின் ஒப்புதல் வேண்டும் என்றது. எல்லாக் கிடங்குகளுக்கும் பொதுவாகிவிட்ட பிறகு அந்த மென்பொருள் அவள் கையில் இல்லை. அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க மேடம்! உங்களைப் பத்தித்தான் நேத்துக் கூட்டத்துல பேசினோம்."

"சார், ஒரு கட்டம் சேர்க்கணும். இறப்பு."

"எதுக்கு?"

"செத்திருக்காங்க சார்."

"எங்களுக்கு அப்படி எதுவும் வரலையே. பழைய முறையில நூத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். உங்க மென்பொருள் வந்த பிறகு மாநிலம் முழுக்க ஒரு இறப்புகூட இல்லை. பெரிய சாதனை மேடம் இது. அடுத்த வருஷம் கிடங்குகளை ரெண்டு மடங்கு ஆக்கப் போறோம். இப்பப் போய் அந்தக் கட்டத்தைச் சேர்த்தா எப்படி?"

"சார், பருவம் முடிஞ்சும் எத்தனை கிடங்குல இருப்பு காட்டுது?"

"காட்டினா என்ன? தூங்கறாங்கன்னுதானே இருக்கு."

"உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"மீட்டிங் இருக்கு மேடம்" என்று வைத்துவிட்டார்.

மென்பொருளை உருவாக்கியவள் என்ற முறையில் எல்லாக் கிடங்குகளையும் பார்க்கும் அனுமதி மட்டும் அவளிடம் இன்னும் இருந்தது. தயங்கி நின்ற கை, கடைசியில் அந்தக் கேள்வியைத் தட்டியது. பருவம் முடிந்தும் வெளியே போகாதவர்கள். பெயர்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு போட்டோ, வீட்டாளின் பெயர், பச்சை எழுத்தில் உறக்கம். திரை நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நிற்கவில்லை.

வெளியே தூறல் விழுந்தது. தீபிகா பிள்ளையின் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தாள். மிதுனா நேராகப் போய் அவள் எதிரில் நின்றாள். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் சொல்லவே முடியாது என்று தெரிந்தது.

"தீபிகா, நான் காலையில சொன்னது தப்பு. கோகுல் இல்லை. சித்திரையிலயே இறந்துட்டார்."

தீபிகா அவளையே பார்த்தாள். "நீங்கதான கம்ப்யூட்டர்ல பாத்தீங்க?"

"அதுல அப்படித்தான் காட்டும். செத்தா எழுத அதுல இடமே இல்லை. நான்தான் வைக்கலை."

"ஆனியில வந்தேன் மேடம். கண்ணாடி வழியாப் பாப்பாவுக்குக் காட்டினேன். சத்தம் போடாத, அப்பா முழிச்சுக்குவார்னு அவ வாயைப் பொத்தினேன்." அவள் குரல் உயரவில்லை. "கத்தியிருந்தாலும் முழிச்சிருக்க மாட்டாரா அப்ப?"

தீபிகா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"குடுங்க. நான் அவரை வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"வெளிய எடுத்தா கேட் கத்தும். போலீசு வரும்."

"வரட்டும்."

வரட்டும். அந்தச் சொல் மிதுனாவுக்கு உறைத்தது. இந்த மனிதன் இறந்தான் என்று எழுதத் தன் கணினியில் இடமில்லை, துறையில் இடமில்லை. ஸ்டேஷனில் இருக்கும்.

தள்ளுவண்டிக் கட்டிலில் கோகுலை ஏற்றினார்கள். வாசல்படியில் சக்கரம் ஏறவில்லை. தலைமாட்டை மிதுனா தூக்கினாள். கால்மாட்டைத் தூக்க தீபிகா பிள்ளையைக் கீழே இறக்கப் போனபோது, அறை வாசலில் நின்றுகொண்டிருந்த குமரேசன் வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்தார். கேட்டைத் தாண்டியதும் சங்கு அலறியது. சாலையில் போன ஒரு பால் வண்டி நின்றது. ஆட்கள் கூடினார்கள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஜீப் வந்தபோது மழை வலுத்திருந்தது. கிடங்கின் முகப்புக் கொட்டகையில் கட்டிலை நிறுத்தியிருந்தார்கள். ஏட்டையா இறங்கி, கையிலிருந்த செய்தியை வாசித்தார்.

"துயிலில் இருந்த நபரை அனுமதி இல்லாம கடத்தியிருக்காங்கன்னு வந்திருக்கு. யார் கடத்தினது?"

"நான்தான் சார்" என்றாள் மிதுனா.

"நானும்தானுங்க" என்றார் குமரேசன்.

"எங்க அந்த ஆள்?"

தீபிகா போர்த்தியிருந்த வேட்டியை முகத்திலிருந்து விலக்கினாள். ஏட்டையா குனிந்து பார்த்தார். மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோனார். நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது? உயிரோட இருக்கார்னு கம்ப்யூட்டர் சொல்லுது. இந்த ஆள் செத்து எத்தனையோ நாளாகியிருக்கும் போல. நான் எதைன்னு எழுதறது?"

"நீங்க கண்ணால பாத்ததை எழுதுங்க சார்" என்றாள் மிதுனா. "கடத்தல்னு என் மேலயும் எழுதுங்க. பரவால்ல. ஆனா இதை எழுதுங்க."

அவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். அங்கே யாரிடமோ சத்தம் போட்டார். "இல்லைங்கய்யா, தூங்கலைங்கய்யா, நான் பாத்துட்டேன்" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு எரிச்சலோடு போனை ஜேபியில் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டார்.

"இறந்தவர் பேர்?"

தீபிகாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சங்கின் அலறலுக்கு மேலே அவள் அழுதாள். ஏட்டையா அவசரப்படுத்தவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். தொழில் என்று கேட்டதற்கு, "வெல்டருங்க. நல்ல வெல்டரு" என்றாள். அவர் அதை அப்படியே எழுதினார்.

எழுதி முடித்துத் தாளைக் கிழிக்கப் போனவரை மிதுனா தடுத்தாள்.

"உள்ள இன்னும் மூணு பேர் இருக்காங்க சார்."

ஏட்டையா குமரேசனைப் பார்த்தார். குமரேசன் தலையசைத்தார்.

"இங்க மட்டும்தானா?"

மிதுனா ஒவ்வொரு ஊராகச் சொல்ல ஆரம்பித்தாள். நாலாவது ஊரைச் சொல்லும்போது ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜீப்பில் இருந்தவரிடம் இன்னும் தாள் எடுத்து வரச் சொன்னார்.